பிக்கப் வாகனத்தில் பிரேக் மேம்பாடு: முதலில் எதை மாற்றுவது?

ஹைலக்ஸ், வி-கிராஸ் போன்ற பிக்கப் வாகனங்களில் என்ஜின் திறனைக் கூட்டிப் பெரிய டயர் பொருத்துவோர், பிரேக்கையும் மேம்படுத்த விரும்புவதுண்டு. வேகம் இருமடங்கானால் பிரேக் வெப்பமாக மாற்ற வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. பாரத்துடன் மலைச்சாலையில் இறங்கும்போது பேட் சூடேறிப் பிடிப்பு குறையும். பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் தரைவரை அமுங்கும்.

எனவே, கூடுதல் வெப்பம் தாங்கும் பேடையும், வாகனக் கையேடு அனுமதிக்கும் புதிய ஆயிலையும் முதலில் மாற்றுவதே சிக்கனம். 'டாட் 4' வகைப் புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சினால் 155 டிகிரி வரை குறையலாம்.

அதன் பிறகும் பிடிப்பு குறைந்தால் மட்டுமே பெரிய டிஸ்க், காலிபர் தேவை. அவை சக்கரத்துக்குள் அடங்க வேண்டும். முன், பின் பிரேக்குகளின் சமநிலை கெடக் கூடாது. பெரிய பிரேக் வெப்பத்தைச் சமாளிக்கும். ஆனால், வாகனம் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை இறுதியில் டயரின் பிடிமானமே தீர்மானிக்கிறது.