செதில் படை ஒட்டிக்கொள்ளாது

சோளக்காட்டுச் சந்தைக்கும் குழுக் கூட்டத்துக்கும் வரக் கூச்சப்படும் சகோதரிகள் நம்ம கொல்லிமலையில் இருக்காங்க. காரணம், தோலில் செதில் உதிரும் காளாஞ்சகப்படை. இது தொற்றாது, பக்கத்தில் தாராளமாக உட்காரலாம்.

சித்த மருத்துவர் படையை மட்டும் பார்ப்பதில்லை. மலச்சிக்கல் உண்டா, தூக்கம் வருதா, வீட்டில் என்ன கவலை என்று கேட்பார். ஊர்க்கதை பேசுறார்னு நாங்களும் முதலில் நினைத்தோம். கவலை கூடினால் படையும் கூடுமாம்! பூசுவதற்கு, வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்த ஊதா நிறத் தைலம் தருவார். மாதக்கணக்கில் பொறுமை வேணும்.

கடையில் நாமாகக் கேட்டு ஸ்டீராய்டு களிம்பு வாங்க வேண்டாம். நிறுத்தியதும் படை அதிகமாகலாம்.

தேமல் வெளிறி, தொட்டால் உணர்ச்சி இல்லையா? தொழுநோயாக இருக்கலாம். உடனே ஆரம்ப சுகாதார நிலையம் போங்க. கூட்டு மருந்து இலவசம், 6 அல்லது 12 மாதத்தில் குணமாகிடும்.