விட்டு விட்டு அறுகிற இணையம்: அணைத்துப் போட்டால் தீராது

திருநெல்வேலியில் வண்ணார்பேட்டை, பெருமாள்புரம், கேடிசி நகர், மேலப்பாளையம் என்று எங்கே போனாலும் இந்த ஒரு புகார் காதில் விழுகிறது. வைஃபை அல்ல, ரூட்டரிலிருந்து கேபிள் இழுத்து நேராகக் கணினியில் செருகிய இணைப்பே சற்று நேரத்துக்கு ஒருமுறை அறுந்து, தானாகத் திரும்பி வருகிறது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெண் மீட்டிங் நடுவில் வெளியே தள்ளப்படுகிறார். ஆன்லைன் தேர்வு எழுதுகிற பையனுக்குத் திரை உறைந்து நிற்கிறது. லைன்மேனுக்குப் போன் போட்டால், "அண்ணாச்சி, ரூட்டர ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்கிறார். செய்கிறோம், வருகிறது. சாயங்காலம் மறுபடியும் போகிறது.

இப்படியே மாதம் தவறாமல் பணமும் கட்டிக்கொண்டு, ஒரு வரி எழுத்துப் புகார்கூட இல்லாமல் இருக்கிற வீடுகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அடியோடு செத்துப்போன இணைப்புக்கு ஆள் வந்துவிடுவார். விட்டு விட்டு வரும் இணைப்புக்கு வந்தாலும் பயனில்லை. அவர் வரும் நேரத்தில் அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே சாட்சியத்தை நாம்தான் சேர்க்க வேண்டும்.

முதலில் தெரிய வேண்டியது, பழுது வீட்டுக்குள்ளா வெளியிலா என்பது. இதைக் கண்டுபிடிக்க யாரும் வர வேண்டியதில்லை. கணினியில் கட்டளைத் திரையை இரண்டு தடவை திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் ரூட்டரின் எண்ணுக்குப் பிங் (ping) கட்டளை ஓட்டுங்கள். அந்த எண் ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. இன்னொன்றில் வெளியுலக முகவரியான 8.8.8.8க்கு ஓட்டுங்கள். விண்டோஸில் பிங் நிற்காமல் ஓட, ஒரு சிறு கோடும் 't' எழுத்தும் சேர்க்க வேண்டும். அறுகிற நேரத்தில் இரண்டு திரையிலும் பதில் நின்றால் கோளாறு உங்கள் கேபிள், கணினி, ரூட்டர், மின்சாரம் இவற்றில் ஒன்றில். ரூட்டர் பதில் சொல்லிக்கொண்டே இருக்க, வெளியுலகம் மட்டும் நின்றால் கோளாறு ஃபைபரிலோ நிறுவனத்திடமோ இருக்கிறது. அந்த நிமிடத்தில் நேரம் தெரியும்படி திரையைப் படம் எடுத்து வையுங்கள். பின்னால் எழுதப்போகும் எல்லாப் புகாருக்கும் அந்தப் படம்தான் அடிப்படை.

வீட்டுக்குள் என்றால் முதல் சந்தேகம் கேபிளின் முனை. ஆர்ஜே-45 முனையின் பிளாஸ்டிக் கிளிப் ஒடிந்திருந்தால், பார்க்கச் செருகியது போலவே இருக்கும். மேசையை இடித்தால் தொடர்பு விடும். அடுத்தது கேபிளின் தரம். கேட்-6 என்று அச்சிட்டு விற்கப்படும் மலிவான கேபிள்கள் பலவற்றில் உள்ளே இருப்பது முழுச் செம்பு அல்ல, செம்பு முலாம் பூசிய அலுமினியம். நாலு தடவை மடக்கினால் இழை ஒடிந்துவிடும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு. ஜிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடி இழைகளும் வேண்டும். நூறு மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். உங்கள் கணினி காட்டும் இணைப்பு வேகம் அவ்வப்போது ஆயிரத்திலிருந்து நூறுக்கு இறங்கினால், பெரும்பாலும் ஒரு ஜோடி விட்டுப்போயிருக்கிறது. ரூட்டரை எத்தனை தடவை அணைத்தாலும் அது தீராது. கேபிளை மாற்றுங்கள், ரூட்டரில் வேறொரு துளையிலும் செருகிப் பாருங்கள். விண்டோஸில் நெட்வொர்க் கார்டின் அமைப்புக்குள், மின்சாரம் சேமிக்கக் கார்டை அணைத்துக்கொள்ளலாம் என்ற குறி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

மின்சாரத்தைப் பலரும் நினைத்துப் பார்ப்பதே இல்லை. போர் மோட்டார் போடும்போது இணையம் போகிறதா? மின்சாரம் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் கணத்தில் ரூட்டரின் விளக்குகள் எல்லாம் அணைந்து எரிகின்றனவா? அப்படியானால் குற்றம் அடாப்டரிலோ வோல்டேஜிலோ இருக்கிறது. அடாப்டர் பெரும்பாலும் 12 வோல்ட். வருடக்கணக்கில் நம் வெயிலில், பரணில், தகரக் கூரைக்கடியில் கிடந்து வலுவிழந்த அடாப்டர், லேசாக வோல்டேஜ் இறங்கினாலும் தாங்காது. அதே வோல்ட், அதே அளவு அல்லது கூடுதல் ஆம்பியர் உள்ள புது அடாப்டரும், ரூட்டருக்கான சிறு யுபிஎஸ் ஒன்றும் போதும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளம் இன்னும் இந்தக் கணக்கில் இருக்கிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தாமிரபரணி கரைபுரண்டு கொக்கிரகுளம், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் வீடுகளுக்குள் புகுந்தது. நனைந்த சோபாவைத் தூக்கிப் போட்டவர்கள், தரையோரம் ஓடிய லான் கேபிளையும் சுவரில் பதித்த பெட்டியையும் காயவைத்து அப்படியே விட்டுவிட்டார்கள். வெள்ளத்தில் மூழ்கிய முனையின் ஊசிகளில் பச்சை பூத்திருக்கும். துடைத்துப் பயனில்லை, முனையை வெட்டிப் புதிதாக அடிக்க வேண்டும், உறைக்குள் நீர் ஏறியிருந்தால் கேபிளையே மாற்ற வேண்டும்.

இனி வெளியே. ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாகக் கண்சிமிட்டினால் ஒளி வரவில்லை என்று பொருள். ஆடிக்காற்று அடிக்கும் மாதங்களில் கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் ஃபைபர் ஆடி ஆடி முனையில் இழுபடும். பாபநாசம் பக்கம் குரங்குகள் அதில் தொங்கும். மாநகராட்சிக்குள்ளோ, பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தோண்டுகிற இயந்திரம் கீழே என்ன போகிறது என்று பார்ப்பதே இல்லை. தோண்டுமுன் கேபிள் நிறுவனங்களுக்குத் தெரிவிக்க 2023 மார்ச்சில் மத்திய அரசு ஒரு செயலியையே வெளியிட்டது. நம் தெருவில் தோண்டுகிறவர்கள் அதைப் பயன்படுத்தினார்களா என்று மேற்பார்வை அதிகாரிகள் கேட்டிருந்தால் பாதித் தொல்லை இராது. லைன்மேன் வந்தால், ஒளி அளவு எவ்வளவு என்று மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வழக்கமான ஜிபான் (GPON) ஃபைபர் இணைப்பில் அது மைனஸ் 8க்கும் மைனஸ் 27 டிபிஎம்முக்கும் நடுவே இருக்க வேண்டும். மைனஸ் 27-ஐ ஒட்டி நின்றால் காற்றடித்தாலே அறும். அந்த எண்ணையும் எழுதி வையுங்கள்.

செய்யக்கூடாதவை உண்டு. ஊசி விட்டு அழுத்தும் ரீசெட் துளையைத் தொடாதீர்கள். நிறுவனம் பதித்த பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்து, விட்டு விட்டு வந்ததும் வராமல் போகும். ஃபைபர் முனையைக் கழற்றிக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெருவில் அறுந்து கிடக்கும் ஒயர் இணைய ஒயர்தான் என்று நினைத்து எடுத்துக் கட்டாதீர்கள்; அதே கம்பத்தில் மின்கம்பியும் ஓடுகிறது. இடி தொடங்குமுன்னே, மொட்டைமாடி கேமராவிலிருந்து இறங்கும் செம்பு லான் கேபிளை ரூட்டரிலிருந்து கழற்றி வையுங்கள். ஃபைபர் மின்னலைக் கடத்தாது, இந்தக் கேபிள் கடத்தும்.

இப்போது காகித வேலை. இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். லைன்மேனுக்குப் போன் போடுவது புகார் ஆகாது. வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பும் குரல் பதிவும் ஆகாது. நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து, டாக்கெட் எண் வாங்கினால்தான் புகார். அந்த எண்ணைத் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள். 2012-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்த புகார் தீர்வு விதிமுறைகள் அப்படித்தான் சொல்கின்றன. டாக்கெட் எண் வராமல் போனை வைக்காதீர்கள். சரிசெய்யாமலே 'தீர்ந்தது' என்று குறுஞ்செய்தி வந்தால் அன்றே மறுபடி புகார் செய்து இன்னொரு எண் வாங்குங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே தேதி, நேரம், பிங் படம்.

தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். புகாருக்கான கெடு முடிந்த 30 நாளுக்குள் மின்னஞ்சலிலோ தபாலிலோ அனுப்பலாம். கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அவருடைய முகவரி நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்தே ஆக வேண்டும். டிராய்க்கே நேராக எழுதிவிட்டுக் காத்திருக்கிறவர்கள் உண்டு. தனிநபர் புகாரை டிராய் விசாரிப்பதில்லை, அந்த நாட்கள் வீண். மேல்முறையீட்டில் வாடகைத் தள்ளுபடியையும் கேளுங்கள். பழுது 3 வேலைநாளைத் தாண்டினால் 7 நாள் கட்டணம், 7-ஐத் தாண்டினால் 15 நாள், 15-ஐத் தாண்டினால் ஒரு மாதம் என்று 2006-இன் பிராட்பேண்டு தர விதிமுறைகளே கணக்கு வகுத்தன. தர விதிமுறைகள் ஒன்றாகத் தொகுக்கப்பட்டு 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளன. நாள் எண்ணுவது புகார் பதிவான தேதியிலிருந்து. டாக்கெட் எண் இல்லாதவருக்கு எண்ணத் தொடங்கும் தேதியே இல்லை.

அதற்கும் மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். அதற்கு அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். "இதெல்லாம் அங்கே எடுக்கமாட்டாங்க" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தொலைத்தொடர்பைச் சேவை என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. நுகர்வோர் ஆணையம் இத்தகைய வழக்கை விசாரிக்கலாம் என்று வோடஃபோன் ஐடியா வழக்கில் 2022 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது. நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிக்காரர்களுக்குத் திருநெல்வேலி. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்தவர்களுக்குத் தூத்துக்குடி. செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஈ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

கேபிள் டிவிக்காரரிடம் இணைப்பு வாங்கியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கையெழுத்திட்ட சீட்டு பில் ஆகாது. உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் உள்ள பில்லைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் யார்மேல் வழக்குப் போடுவீர்கள்? சலித்துப்போய் இணைப்பையே துண்டிப்பதென்றாலும் எழுத்தில் கேட்டு, ரூட்டரை ஒப்படைத்த அன்றே அதன் வரிசை எண் எழுதிய ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். டெபாசிட்டைத் திரும்பக் கேட்க அந்த ரசீது வேண்டும்.