கொழும்புப் பயணமும் ஊரடங்கும்

கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஊர் சுற்றப் போவதில்லை. பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம், சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று வேலையாகப் போகிறவர்களும் உண்டு. இடையில் புறக்கோட்டையில் துணி எடுப்பதும் வெள்ளவத்தையில் கொத்து ரொட்டி சாப்பிடுவதும் நடக்கும். நகரம் கொந்தளிக்கும்போது சிக்குவது பெரும்பாலும் இந்தச் சில்லறை நடமாட்டம்தான்.

உதாரணமாக, அரசுக்கு எதிரான போராட்டங்களின் நடுவே 2022 ஏப்ரல் 1 அன்று இலங்கையில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. மறுநாள் மாலை 6 மணிக்குத் தொடங்கிய ஊரடங்கு 36 மணி நேரம் நீடித்தது. ஏப்ரல் 3 அன்று வாட்ஸ்அப் உட்படச் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. பிறகு மே 9 வன்முறை, ஜூலை 9 அன்று குடியரசுத் தலைவர் மாளிகை முற்றுகை. எரிவாயு இல்லாமல் பல சாப்பாட்டுக் கடைகள் மூடிக் கிடந்தன. ஆட்டோவுக்குப் பெட்ரோல் இல்லை.

ஊரடங்கு நேரத்தில் எழுத்துமூல அனுமதி இல்லாமல் தெரு, பூங்கா, ரயில் பாதை, கடற்கரை எதிலும் இருக்கக் கூடாது. வெளிநாட்டவருக்கும் இது பொருந்தும். கட்டுநாயக்க விமான நிலையம் போகிறவர்கள் பாஸ்போர்ட்டையும் பயணச்சீட்டையும் காட்டிச் செல்ல அப்போது இடமளிக்கப்பட்டது. ஆகவே பயணச்சீட்டைத் தாளில் வைத்திருப்பது நல்லது. முக்கியமான தொலைபேசி எண்களையும் அப்படியே.

வேடிக்கை பார்ப்பதிலும் ஆபத்து உண்டு. போராட்டக் காட்சிகளைச் சமூக ஊடகத்தில் பகிர்ந்த பிரிட்டன் பெண் ஒருவரின் விசா 2022 ஆகஸ்டில் ரத்து செய்யப்பட்டு, அவர் நாட்டை விட்டு வெளியேறும்படி உத்தரவிடப்பட்டார். போராட்டத்தில் கலந்துகொள்ள விசா உரிமை தராது. படம் எடுத்துப் பதிவிடுவதைக்கூட அதிகாரிகள் விதிமீறலாகக் கருதலாம்.

காவல்துறை பிடித்தால், தம் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் தரும்படி கேட்பது 1963 வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு தரும் உரிமை. கேட்டால்தான் பெரும்பாலும் கிடைக்கும். தமிழும் இலங்கையின் ஆட்சிமொழி என்பதால் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லலாம். வாசிக்கத் தெரியாத சிங்களத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது.

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார்; அந்த நகலுடன் இந்தியத் தூதரகத்தை அணுகினால், ஊர் திரும்ப மட்டும் உதவும் அவசரச் சான்றிதழ் கிடைக்கும். தூதரகம் இருப்பதோ கொள்ளுப்பிட்டியில், 2022 போராட்டக் களமான காலி முகத்திடலை ஒட்டிய காலி வீதியில். கூட்டத்தைத் தாண்டிப் போவதைவிட முதலில் தொலைபேசியில் கேட்பதே சரி. வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்திலும் முறையிடலாம்.

விமான நிறுவனம் பயணத்தை ரத்து செய்தால் மாற்று விமானமோ கட்டிய பணமோ கேட்கலாம். அரசியல் குழப்பம்தான் காரணம் என்றால் அதற்கு மேல் இழப்பீடு கிடைப்பது அரிது. பயணக் காப்பீடு பலவற்றில் கலவரம் விலக்குப் பட்டியலில் இருக்கும். அந்தப் பக்கத்தைப் பணம் கட்டுமுன் படிக்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டியில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருப்போரின் நிலை வேறு. இந்தியப் பாஸ்போர்ட் இல்லாதவருக்குக் கொழும்பில் இந்தியத் தூதரகத்தின் பாதுகாப்பு கிடையாது. அவர்கள் பெறும் வெளியேறும் அனுமதி பொதுவாக நாடு திரும்புவதற்கானது, போய்வருவதற்கானதல்ல. இந்தியாவில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பை இலங்கையில் பதிவு செய்யக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.