சளிக்கு ஆன்டிபயாட்டிக் கேட்காது

சளி, தும்மல், தொண்டை கரகரப்பு, லேசான காய்ச்சல் என்று வரும் சாதாரண ஜலதோஷத்துக்குக் காரணம் வைரஸ்கள். இதை உண்டாக்கும் வைரஸ்கள் 200-க்கு மேல் உண்டு. ரைனோவைரஸ் அவற்றில் முதன்மையானது. ஆன்டிபயாட்டிக் மருந்தின் வேலையெல்லாம் பாக்டீரியாவிடம்தான். அமாக்சிசிலின் பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது. அசித்ரோமைசின் அது புரதம் தயாரிப்பதை நிறுத்துகிறது. வைரஸுக்குச் செல்சுவரும் கிடையாது, சொந்தமாகப் புரதம் தயாரிக்கும் அமைப்பும் கிடையாது. எவ்வளவு விலை உயர்ந்த ஆன்டிபயாட்டிக்கை விழுங்கினாலும் ஜலதோஷம் ஒரு நாள்கூட முன்னதாகக் குணமாவதில்லை.

ஆனாலும் ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களின் மெடிக்கல் கடைகளில் “அண்ணே, சளியும் உடம்பு வலியுமா இருக்கு, ரெண்டு வேளைக்கு ஒரு செட் குடுங்க” என்று கேட்பது சாதாரணம். அந்தச் செட்டில் ஒரு பாரசிட்டமால், மூக்கொழுகலுக்கு ஒரு செட்ரிசின், பல நேரங்களில் கூடவே ஒரு ஆன்டிபயாட்டிக். அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்து, சிறு காகித உறையில் போட்டுத் தருவார்கள். கத்தரித்த துண்டில் மருந்தின் பெயர் முழுதாகத் தெரியாது. காலாவதித் தேதி இருக்காது. சீட்டில்லாமல் வாங்கக் கூடாதென்று எச்சரிக்கும் சிவப்புக் கோடும் தப்பிவிடும். சாப்பிடுகிறவருக்குத் தான் சாப்பிட்டது ஆன்டிபயாட்டிக் என்பதே தெரியாமல் போகிறது.

வாங்குகிறவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. நடவுக்கோ கட்டட வேலைக்கோ போகிறவர் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். கிளினிக்குக்குப் போனாலும் “பவரான மாத்திரையா எழுதுங்க டாக்டர்” என்ற கோரிக்கை. எழுதாவிட்டால் அடுத்த தெரு டாக்டரிடம் போய்விடுவார்களே என்ற கவலையில் எழுதித்தரும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். இந்தியத் தனியார் மருந்துச் சந்தையில் 2019-இல் மிக அதிகம் செலவான ஆன்டிபயாட்டிக் அசித்ரோமைசின் 500 மி.கி. மாத்திரை, அடுத்தது செஃபிக்சிம் 200 மி.கி. இரண்டுமே உலக சுகாதார நிறுவனம் கவனித்துப் பயன்படுத்தச் சொல்லும் பட்டியலில் உள்ளவை.

மாத்திரை வேலை செய்வதுபோலத் தோன்றுவதற்கும் காரணம் உண்டு. ஜலதோஷம் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் பெரும்பாலோர் கடைக்குப் போகிறார்கள். மறுநாள் உடம்பு தேறினால் பெயர் மாத்திரைக்குப் போகிறது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் ஆன்டிபயாட்டிக் தேவை என்ற நம்பிக்கையும் தவறு. வைரஸ் சளியே அந்த நிறத்துக்கு மாறும். காய்ச்சல் மூன்று நாளில் விட்டுவிடும், இருமல் மூன்று வாரம் வரை நீடிக்கலாம், இதற்கு ஆன்டிபயாட்டிக் எழுத வேண்டாம் என்று இந்திய மருத்துவச் சங்கம் 2023 மார்ச்சில் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது.

விழுங்கிய மருந்து வைரஸை ஒன்றும் செய்யாவிட்டாலும் உடம்பில் சும்மா இருப்பதில்லை. குடலிலும் தொண்டையிலும் தோலிலும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இயல்பாகவே வாழ்கின்றன. மருந்து அவற்றில் பலவீனமானவற்றைக் கொல்ல, மருந்தைத் தாங்கும் சில மட்டும் மிஞ்சிப் பெருகுகின்றன. ஒரே பூச்சிமருந்தைப் போகம் தவறாமல் அடித்த வயலில் பூச்சி சாகாமல் போவது விவசாயிகளுக்குத் தெரிந்த கதைதான். இங்கேயும் நடப்பது அதுவே. “அந்த மாத்திரை என் உடம்புக்குப் பழகிப்போச்சு” என்று பலரும் சொல்வார்கள். பழகுவது உடம்பு இல்லை, பாக்டீரியா. அதனால்தான் ஆபத்து மாத்திரை சாப்பிட்டவரோடு நிற்பதில்லை. எதிர்ப்புத் திறனுக்கான மரபணுவை ஒரு பாக்டீரியா வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். கை வழியாக, தண்ணீர் வழியாக, சாக்கடை வழியாக அது அடுத்த வீட்டுக்குப் போகிறது. ஒருவர் தேவையில்லாமல் சாப்பிட்ட மாத்திரைக்கான விலையை, அதுவரை ஆன்டிபயாட்டிக்கே தொடாத ஒரு பச்சிளங்குழந்தை கொடுக்க நேரிடலாம்.

தென்னிந்தியாவுக்கு இது புதிதல்ல. டைபாய்டுக்குக் கைகண்ட மருந்தாக இருந்த குளோராம்பெனிகால், 1972-இல் கோழிக்கோட்டில் பரவிய டைபாய்டில் பலிக்கவில்லை. 2010-இல், கடைசி நிலை மருந்துகளான கார்பாபெனம் வகையையே செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 மரபணு இந்தியாவில் பரவியிருப்பதை லான்செட் குழுமத்தின் ஆய்விதழில் வந்த கட்டுரை காட்டியது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. ஆராய்ந்த மாதிரிகளில் சென்னையில் எடுத்தவையும் இருந்தன. இரண்டு ஆண்டு கழித்து, 2012 ஆகஸ்டில், மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, சீட்டில்லாத விற்பனையைக் கட்டுப்படுத்தக் கோரும் ‘சென்னைப் பிரகடனத்தை’ உருவாக்கின. இந்தியாவில் 2019-இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றால் நேரடியாக நேர்ந்த மரணங்கள் சுமார் 2 லட்சத்து 97 ஆயிரம் என்பது மதிப்பீடு.

சட்டம் இருக்கிறது. 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள எச்1 அட்டவணைப்படி, செஃபிக்சிம் உள்ளிட்ட மருந்துகளை விற்கும் கடை, நோயாளி பெயர், எழுதிய மருத்துவர் பெயர், கொடுத்த அளவு மூன்றையும் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அமாக்சிசிலினும் அசித்ரோமைசினும்கூட சீட்டில்லாமல் விற்கக் கூடாதவையே. ஆனால் கத்தரித்துக் கொடுத்த இரண்டு மாத்திரை எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. கட்டுப்பாடு தளர்ந்திருப்பது இந்த இடத்தில்தான். சோதனையும் இங்கிருந்தே தொடங்க வேண்டும்.

சாதாரண ஜலதோஷத்துக்கு ஓய்வும், நிறையத் தண்ணீரும், உப்புநீர்க் கொப்பளிப்பும், காய்ச்சலுக்குப் பாரசிட்டமாலும் போதும். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு இருமலுக்குத் தேன் தரலாம். அதற்குக் கீழே தரக் கூடாது. ஆன்டிபயாட்டிக் உயிர் காக்கும் இடங்களும் உண்டு: பாக்டீரியா நிமோனியா, சில வகைத் தொண்டைப் புண், காதில் சீழ். குழந்தையின் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பார்க்கலாம். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50-ம் அதற்கு மேலும், ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தாலோ, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்ளே ஒட்டினாலோ அது வெறும் சளி இல்லை. அப்போது மெடிக்கல் கடைக்குப் போகாமல் திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அன்றே கொண்டுபோக வேண்டும். பெரியவர்களுக்கும் காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால், விட்ட காய்ச்சல் திரும்பினால், மூச்சு வாங்கினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் ஆன்டிபயாட்டிக் எழுதினால், எழுதிய அளவில், எழுதிய நாள்வரை சாப்பிட வேண்டும். மிஞ்சியதை அடுத்த சளிக்கென்று எடுத்துவைக்கக் கூடாது.