குட்டீஸோடு தார் பாலைவன கார் ட்ரிப்... மே மாசம் வேண்டவே வேண்டாம், ஏன்?

பரீட்சை முடிந்து லீவு விட்டதும் ஊட்டி, கொடைக்கானல், இல்லாவிட்டால் பாட்டி வீடு. இந்த வழக்கத்தை ஒரு வருடமாவது மாற்றிப் பார்க்கலாம் என்று நினைக்கும் பெற்றோரின் கண்ணில் படுவது ஜெய்சால்மர். மணல்மேடு, ஒட்டகம், கூடாரம், ராத்திரி வானம்... போட்டோவைப் பார்த்தாலே பெட்டி கட்டத் தோன்றும். மே மாதத்தில் அறை வாடகையும் வெகுவாகக் குறைந்திருக்கும்.

அந்தக் குறைந்த வாடகைக்குக் காரணம் இருக்கிறது. ஜோத்பூரிலிருந்து ஜெய்சால்மர் போகும் வட்டாரத்தில் ஃபலோடி என்று ஓர் ஊர். 2016 மே 19 அன்று அங்கே பதிவான வெப்பம் 51 டிகிரி செல்சியஸ். இந்தியாவில் அதுவரை பதிவானதிலேயே அதுதான் உச்சம். நம் சென்னையின் உச்சமே 2003 மே மாதத்தில் பதிவான 45 டிகிரிதான். அதற்கே ஊர் என்ன பாடுபட்டது என்பது அப்போது இருந்தவர்களுக்குத் தெரியும். ஜெய்சால்மரிலோ மே மாதத்தில் 42 டிகிரி என்பது சராசரிப் பகல்!

பெரியவர்களால் எப்படியோ சமாளித்துவிட முடியும். மூன்று வயதுக் குழந்தையால் முடியாது. குழந்தையின் உடம்பு நம்மைவிட மிக வேகமாகச் சூடேறும். தாகம் எடுத்தாலும் சொல்லத் தெரியாது, விளையாட்டு மும்முரத்தில் தண்ணீரையே மறந்துவிடும். ஆகவே கோடை லீவுக்கு வேறு ஊரைப் பாருங்கள். தார் பாலைவனத்துக்கு அரையாண்டு லீவுதான் சரி. டிசம்பர், ஜனவரியில் அங்கே பகலில் 25 டிகிரிக்குப் பக்கம் இதமான வெயில், இரவில் 8 டிகிரி வரை இறங்கும் குளிர். 'பாலைவனம்தானே' என்று பருத்திச் சட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனால், ராத்திரி கூடாரத்தில் குழந்தை நடுங்கும். குல்லா, ஸ்வெட்டர், சாக்ஸ் கட்டாயம்.

ஜோத்பூர் வரை ரயில், அப்புறம்தான் கார்

தமிழ்நாட்டிலிருந்தே காரில் போகிறேன் என்று கிளம்புவது வீரம்தான். ஆனால், குட்டீஸ் இருக்கும் வண்டியில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப்போய், பாலைவனம் வரும்போது எல்லோரும் களைத்துக் கிடப்பதில் என்ன சந்தோஷம்? மன்னார்குடியிலிருந்து சென்னை வழியாக ஜோத்பூரின் பகத் கி கோத்தி ஸ்டேஷனுக்கு வாராந்திர ரயிலே இருக்கிறது. நேரம் கம்மி என்றால் டெல்லி, மும்பை வழியாக விமானம். ஜோத்பூரில் டிரைவருடன் வாடகைக் கார் எடுத்துக்கொள்வது நல்லது. ஊர், பாதை, பாஷை மூன்றும் தெரிந்த ஒருவர் ஸ்டியரிங்கில் இருந்தால், அப்பா பின் ஸீட்டில் குழந்தையோடு குழந்தையாக இருக்கலாம்.

புக் செய்யும்போதே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: குழந்தைக்கான ஸீட் கிடைக்குமா? வாடகைக் கார்களில் பெரும்பாலும் இருக்காது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஸீட் பெல்ட்டோ, குழந்தைகளுக்கான தனி ஸீட்டோ கட்டாயம். மீறினால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்கள். நேரான, காலியான ரோட்டில் வண்டி நூறைத் தொடும்போது ஒட்டகம் குறுக்கே வந்தால், மடியில் இருக்கும் குழந்தையை எந்த அம்மாவாலும் பிடித்துவைக்க முடியாது. முன் ஸீட்டில் மடியில் வைத்துக்கொள்வது இன்னும் ஆபத்து. ஏர்பேக் வெடித்து விரியும் வேகம் குழந்தையின் தலையில்தான் விழும்.

ஆடு, மாடு, ஒட்டகம் எல்லாம் இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. பொழுது சாய்வதற்குள் தங்குமிடம் போய்விடுவது என்று முதல் நாளே டிரைவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜோத்பூரில் நம்ம ஊர் வன்னி மரம்

மெஹ்ரான்கர் கோட்டையின் அடிவாரத்தில் ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா இருக்கிறது. நம் ஊரில் கோர்ட் வரை போன சீமைக்கருவேலம் இங்கேயும் பாறை இடுக்கெல்லாம் வேர்விட்டுக் கிடந்தது. அதைத் தோண்டி எடுத்து, பாலைவனத்துக்கே உரிய செடிகளை நட்டு, 2011-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பிள்ளைகள் ஓடியாடப் பாதைகளும் உண்டு.

அந்தச் சீமைக்கருவேலத்தின் நல்ல சொந்தக்காரர் ஒருவரை இந்தப் பயணம் முழுக்க ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். கேஜ்ரி மரம். ராஜஸ்தானின் மாநில மரம். பெயர் புதிதாக இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம், நம் வன்னி மரம்தான் அது. விருத்தாசலம் கோயிலில் தலவிருட்சமாக நிற்கிறதே, அதே மரம். அங்கே இதன் காயைப் பறித்துக் காயவைத்து 'சாங்ரி' என்று சமைக்கிறார்கள். இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீனி.

இந்த மரத்துக்காக உயிரையே கொடுத்திருக்கிறார்கள். 1730-ல் ஜோத்பூர் ராஜாவின் அரண்மனைக்குச் சுண்ணாம்பு காளவாசல் எரிக்க விறகு வேண்டியிருந்தது. ஜோத்பூருக்கு அருகே, பிஷ்னோய் மக்கள் வாழும் கேஜட்லி கிராமத்துக்கு ஆட்கள் கோடரியோடு வந்தார்கள். அமிர்தா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிக்கொண்டார். அவரை வெட்டினார்கள். அவருடைய மூன்று மகள்களும் அடுத்தடுத்து மரத்தைக் கட்டிக்கொண்டார்கள். செய்தி பரவ, அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து நின்றார்கள். மொத்தம் 363 பேர் உயிர்விட்ட பிறகுதான் வெட்டு நின்றது. எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். சின்னவர்களுக்கு மரத்தைக் கட்டிக்கொண்ட வரைக்கும் போதும்.

மேஜர் ஜெனரல் பிருத்விராஜ்

ஜோத்பூரிலிருந்து ஜெய்சால்மர் சுமார் 280 கிலோமீட்டர். ஐந்து மணி நேரம் என்று மேப் சொல்லும். குழந்தைகள் இருந்தால் ஏழு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சுற்றி ஃபலோடி வழியாகப் போனால், கீச்சன் கிராமத்தில் ஆயிரக்கணக்கான டெமாய்செல் கொக்குகளைப் பார்க்கலாம். ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர் 'குர்ஜா'. மத்திய ஆசியா, மங்கோலியா பக்கமிருந்து குளிர்காலத்துக்கு வருபவை. கிராமத்தினர் இவற்றுக்குத் தானியம் போட்டு விருந்தாளிபோல் பார்த்துக்கொள்கிறார்கள். காலையில் போனால்தான் கூட்டமாக இறங்குவதைப் பார்க்க முடியும்.

அடுத்து வரும் ஊர் பொக்ரான். 'அப்துல் கலாம்' என்று சொன்னால் போதும், பின் ஸீட் நிமிர்ந்து உட்காரும். 1998 மே 11, 13 தேதிகளில் அணுகுண்டு சோதனை நடந்தது இந்தப் பாலைவனத்தில்தான். வெளிநாட்டு சாட்டிலைட்களின் கண்ணில் படாமலிருக்க முக்கிய வேலைகளை இருட்டில் செய்தார்கள். விஞ்ஞானிகள் ராணுவ உடையில், வேறு பெயர்களில் வந்து போனார்கள். கலாம், 'மேஜர் ஜெனரல் பிருத்விராஜ்'. சென்னையில் பிறந்த ஆர்.சிதம்பரம், 'மேஜர் ஜெனரல் நட்ராஜ்'. சோதனை நடந்த இடத்துக்குள் பொதுமக்களை விடமாட்டார்கள். ஆனால், பொக்ரானில் டீ குடித்துக்கொண்டே இந்தக் கதையைச் சொல்வதற்கு யார் அனுமதியும் தேவையில்லை.

'கடல் எங்கே?'

மெரினாவிலும் திருச்செந்தூரிலும் மணலைப் பார்த்த குழந்தைக்கு, மணல் என்றால் பக்கத்தில் கடல் இருக்க வேண்டும். 'கடல் எங்கே?' என்று கேட்டால் சிரித்துவிட்டு நகராதீர்கள். பல கோடி வருடங்களுக்கு முன் ஜெய்சால்மர் பகுதியில் கடல் இருந்தது நிஜம். இங்குள்ள பாறைகளில் கடல் உயிரினங்களின் படிமங்கள் இருக்கின்றன. ஹாபூர் கல் என்று கடைகளில் விற்கும் கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தால் சிப்பி, நத்தைகளின் தடங்கள் தெரியும். ஜெய்சால்மருக்கு சுமார் 17 கிலோமீட்டர் முன்னால் ஆகல் என்ற இடத்தில், 18 கோடி வருடப் பழமையான, கல்லாகிப்போன மரங்களே கிடக்கின்றன. சில பிள்ளைகளுக்குக் கோட்டையைவிட இதுதான் பிடிக்கும்.

1156-ல் கட்டப்பட்ட ஜெய்சால்மர் கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. குறுகலான, ஏற்ற இறக்கமான கல் சந்துகள். அங்கே குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுபோக நினைப்பது வீண் வேலை. மார்போடு கட்டிக்கொள்ளும் பை அல்லது இடுப்புதான் உதவும். சத்யஜித் ரே 'சோனார் கெல்லா' படத்தை எடுத்தது இங்கேதான். 1974-ல் அந்தப் படம் வந்தபிறகு வங்காளிகள் இந்தக் கோட்டையை விடவே இல்லை.

மணலில் ஒரு சாயங்காலம்

எல்லோரும் போகும் இடம் சாம் மணல்மேடு, ஊரிலிருந்து 40 கிலோமீட்டர். சீஸனில் ஜீப், ஸ்பீக்கர், கூட்டம் எல்லாம் சேர்ந்து திருவிழா மாதிரி இருக்கும். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு தென்மேற்கே இருக்கும் கூரி கிராமம் இன்னும் அமைதியானது. மணல்மேட்டில் ஜீப்பைக் குதிக்கவிட்டு ஓட்டுகிறார்களே, அதில் சின்னக் குழந்தைகளை ஏற்றவே ஏற்றாதீர்கள். குலுக்கலில் பிஞ்சுக் கழுத்துக்குத்தான் அடி.

ஒட்டகம் எழும்போது முதலில் பின்னங்கால்களை நிமிர்த்தும். மேலே இருப்பவர் சட்டென்று முன்னால் சாய்வார். குழந்தையை உங்களுக்கு முன்னே உட்காரவைத்து, ஒரு கையால் அணைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். பயந்து அழுதால் இறக்கிவிடுங்கள். கொடுத்த காசுக்காகச் சுற்றிவர வேண்டியதில்லை. கண்ணில் மணல் விழுந்தால் கசக்கவிடாமல் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். சுருட்டை விரியன் பாம்பும் தேளும் உள்ள ஊர் அது. காலையில் ஷூவை உதறிவிட்டே மாட்டுங்கள்.

உண்மையில் ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒட்டகமும் வேண்டாம், ஜீப்பும் வேண்டாம். ஒரு சின்ன பக்கெட்டும் கரண்டியும் போதும். இரண்டு மணி நேரம் சத்தமே இருக்காது.

இந்த மணல்வெளியை ஒட்டிய பாலைவன தேசியப் பூங்காதான் கானமயிலின் கடைசிப் புகலிடங்களில் ஒன்று. ஒரு காலத்தில் தமிழகத்திலும் இருந்த பறவை. இப்போது நாடு முழுக்கச் சேர்த்தாலும் 200-ஐத் தொடாது. மின்கம்பிகளில் மோதி இறப்பது பெரிய பிரச்னை. 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் மூலம் ஒரு குஞ்சு பொரித்தது, பெரிய செய்தியானது.

தண்ணீர்க் கணக்கு

டிசம்பரிலும் காற்று உலர்ந்துதான் இருக்கும். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பு நீர் இழப்பதே தெரியாது. 'தாகமா இருக்கா?' என்று கேட்காமல், அரைமணிக்கு ஒரு தடவை நாலு மடக்கு கொடுத்துக்கொண்டே இருங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம், தாய்ப்பாலையே அடிக்கடி கொடுக்கலாம். வழி தாபாக்களில் 'சாச்' என்று கேளுங்கள், நம் மோர்தான். சாதமும் தயிரும் பெரும்பாலும் கிடைத்துவிடும், கவலை வேண்டாம்.

ஓ.ஆர்.எஸ் பாக்கெட் நாலைந்து கையிலேயே இருக்கட்டும். பெரிய பாக்கெட் என்றால் சரியாக ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். அரை லிட்டரில் கலந்தால் உப்பு கூடிவிடும். ஆறு மணி நேரமாக டயப்பர் நனையவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, வாய் உலர்ந்திருக்கிறது, துவண்டு கிடக்கிறது என்றால் சுற்றிப்பார்ப்பதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். உடம்பு கொதித்து, உளறலோ மயக்கமோ வந்தால் நிழலுக்குத் தூக்கிப்போய், துணியை நனைத்து உடம்பெல்லாம் துடைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். அந்த எண் ராஜஸ்தானிலும் உண்டு.

தூங்கும் குழந்தையை 'அஞ்சே நிமிஷம்' என்று காரில் விட்டுவிட்டுப் போவதும் கூடாது. வெளியே சுமாரான வெயில் இருந்தாலே, மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் சுமார் 10 டிகிரி ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய பலன் இல்லை.

தனோட் வரை போகலாமா?

ஜெய்சால்மரிலிருந்து 120 கிலோமீட்டர் தள்ளி, பாகிஸ்தான் எல்லைக்குப் பக்கத்தில் தனோட் மாதா கோயில். 1965 போரில் சுற்றிலும் விழுந்து வெடிக்காத குண்டுகளை இன்றும் அங்கே வைத்திருக்கிறார்கள். கோயிலைப் பராமரிப்பது எல்லைப் பாதுகாப்புப் படை. அருகிலேயே 1971 போர் நடந்த லோங்கேவாலா. ஒரே நாளில் போய் வரலாம். ஆனால், பாதி வழிக்கு மேல் கடைகள் குறைவு, மொபைல் சிக்னலும் விட்டு விட்டுத்தான் வரும். டீசலையும் தண்ணீரையும் ஜெய்சால்மரிலேயே நிரப்பிக்கொண்டு, எல்லோருக்கும் அடையாள அட்டையோடு கிளம்ப வேண்டும். எல்லையில் பதற்றம் இருந்தால் வழியை மூடிவிடுவார்கள். முந்தின நாளே ஹோட்டலில் விசாரித்துவிடுங்கள்.

மேப் காட்டும் மண் குறுக்குவழி எதிலும் இறங்காதீர்கள். 1996 ஜூலையில் அமெரிக்காவின் டெத் வேலி பாலைவனத்துக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு குடும்பம் சுற்றுலா வந்தது. பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர். வாடகை வேனில் கரடுமுரடான பாதை ஒன்றில் இறங்கினார்கள். மூன்று மாதம் கழித்து, டயர்கள் பஞ்சரான நிலையில் வேன் மட்டும் கிடைத்தது. பெரியவர்களின் எலும்புகள் கிடைத்தது 2009-ல்தான். தேடி வருபவர்களுக்கு மனிதர்களைவிட வண்டிதான் சுலபமாகக் கண்ணில் படும் என்பதால், 'வண்டி நின்றால் வண்டியை விட்டுப் போகாதே' என்பது உலகம் முழுக்கப் பாலைவனங்களில் சொல்லப்படும் விதி. தார் அந்த அளவுக்கு ஆளில்லாத இடமில்லை. உலகிலேயே மக்கள் நெருக்கம் அதிகமுள்ள பாலைவனங்களில் ஒன்று இது. மெயின் ரோட்டில் நின்றால் ஒரு லாரியோ, ராணுவ வண்டியோ வந்துவிடும். மெயின் ரோட்டில் நின்றால்.

கைக்குழந்தை இருந்தால் தனோட்டை விட்டுவிட்டு, அந்த நாளை கட்ஸிசர் ஏரியில் படகில் கழிக்கலாம். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை ஜெய்சால்மரில் அறை கிடைப்பது கஷ்டம், வாடகையும் எகிறும். பொங்கல் லீவோடு இரண்டு நாள் சேர்த்துக்கொள்ள முடிந்தால் கூட்டம் குறைந்திருக்கும். ரயிலில் போகிறவர்கள் மட்டும், முன்பதிவு திறக்கும் நாளை காலண்டரில் இப்போதே குறித்துவிடுங்கள்.