வீட்டில் பிறந்த மின்பலகை: ஓடச் சாலை உண்டா?

புது தில்லி:

தலைநகரின் தென்பகுதியில், ஐஎன்ஏ சந்தைக்கும் சரோஜினி நகருக்கும் அருகே அமைந்திருக்கிறது லக்ஷ்மிபாய் நகர். ஜான்சி ராணியின் பெயர் தாங்கிய இக்குடியிருப்பு, மத்திய அரசு ஊழியர்களுக்காக எழுந்தது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்று இங்கே இருப்பதால், தலைநகர்த் தமிழர்களுக்கு இது பழகிய பெயர்.

இக்குடியிருப்பின் உட்சாலையில், பிளஸ் 2 மாணவன் ஒருவன் தானே செய்த மின்பலகையில் ஏறி நிற்பதாகக் கொள்வோம். பலகையின் இருபுறமும் பக்கத்துக்கு ஒரு சக்கரம். நடுவில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. உடலை முன்னே சாய்த்தால் பலகை முன்னே ஓடுகிறது. பின்னே சாய்த்தால் நிற்கிறது. இதைச் செய்யத் தேவையான அறிவும் பொருளும் இன்று தில்லியில் கைக்கெட்டும் தொலைவிலேயே கிடைக்கின்றன. ஆனால், வீட்டு வாசலைத் தாண்டியதும் அந்த மாணவனின் தந்தை சட்டத்தின் முன் குற்றவாளியாக நிற்க நேரிடலாம். "புதுமை செய்" என்று மாணவர்களை ஊக்குவிக்கும் அரசு, அந்தப் புதுமை ஓட ஓரடி இடமாவது ஒதுக்கியிருக்கிறதா என்பதே இங்கு எழும் கேள்வி.

விளக்குமாறும் உள்ளங்கையும்

இப்பலகையின் தத்துவம் எளியது. விளக்குமாற்றை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தி விளையாடாத பிள்ளைகள் குறைவு. அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் விழாது. அறிவியலாளர்கள் இதைத் தலைகீழ் ஊசல் என்கின்றனர். மின்பலகையில் மனிதன்தான் விளக்குமாறு, சக்கரங்கள் உள்ளங்கை. அவன் சாயும் பக்கம் சக்கரங்கள் விரைந்து அவன் காலடிக்கு வந்து சேர்கின்றன.

ஜப்பானில் பேராசிரியர் கசுவோ யமாஃபுஜி 1980-களிலேயே இத்தத்துவத்தில் இருசக்கர இயந்திரத்தை உருவாக்கினார். ஆயினும், உலகம் இதனை அறிந்தது 2001 டிசம்பரில்தான். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் அறிமுகப்படுத்திய 'செக்வே'யின் விலை ஏறத்தாழ 5 ஆயிரம் டாலர். நகரங்களின் அமைப்பையே அது மாற்றிவிடும் என்று அப்போது பேசப்பட்டது. அவ்வாறு எதுவும் நிகழவில்லை. 2015-இல் அந்நிறுவனத்தைச் சீனாவின் நைன்பாட் வாங்கியது. 2020 ஜூலையில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

ஆனால், வாகனம் தோற்ற இடத்தில் தத்துவம் வென்றது. செக்வே வெளிவந்த சில ஆண்டுகளுக்குள்ளாகவே, பொறியாளர் டிரெவர் பிளாக்வெல் கடைகளில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டு தாமே ஒரு சமநிலை வண்டியைச் செய்து, செய்முறையை எல்லோரும் அறியும்படி வெளியிட்டார். 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் பிறந்த 'ஆர்டுயினோ' என்னும் மலிவான கட்டுப்பாட்டுப் பலகை, உலகெங்கும் மாணவர்களுக்கு இக்கதவை அகலத் திறந்தது. செல்பேசிகளின் பெருக்கத்தால் சாய்வை அளக்கும் உணரிச் சில்லுகளின் விலையும் வீழ்ந்தது.

பாகங்கள் எங்கே?

தில்லியில் இவற்றைத் தேடி வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லாஜ்பத் ராய் சந்தையில் மின்னணுப் பாகங்களும், சாந்தினி சவுக்கின் பாகீரத் பேலஸில் மின்சாதனப் பொருள்களும் கிடைக்கும். மின்சைக்கிளுக்கான 24 வோல்ட், 250 வாட் மோட்டார்கள் இரண்டு, 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு, சாய்வின் அளவையும் சாயும் வேகத்தையும் சொல்லும் உணரி, மோட்டாருக்கு மின்னோட்டத்தை அளந்து கொடுக்கும் சுற்று, இரும்புச் சட்டம், கனத்த ஒட்டுப்பலகை. அடிப்படைத் தேவைகள் இவ்வளவே.

கடினம் நிரலில் இருக்கிறது. உணரி தரும் தகவலை நொடிக்கு நூறு முறையேனும் படித்து, அதில் கலந்த அதிர்வுப் பிழையை நீக்கி, எவ்வளவு விசை, எந்தத் திசையில் என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டும். விசை குறைந்தால் பலகை ஆளைத் தாங்காது. மிகுந்தால் ஆளோடு சேர்ந்து நடுங்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவைக் கண்டுபிடிப்பதற்குள் முழங்கால் பலமுறை தரையைத் தொட்டுவிடும். பலகையிலிருந்து கால் எடுத்தவுடன் மோட்டார் நிற்கும்படி ஒரு விசைப்பொத்தான் வைப்பது கட்டாயம். இல்லாவிடில், ஆளை இறக்கிவிட்டுப் பலகை மட்டும் பாய்ந்தோடும்.

பழைய பாகங்களை நாடுவோர் மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்குச் செல்வதுண்டு. அங்கே 2010 ஏப்ரலில், பல்கலைக்கழகம் ஒன்று ஏலத்தில் விட்ட பழைய கருவியிலிருந்த கோபால்ட்-60 கதிர்வீச்சால் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார், பலர் பாதிக்கப்பட்டனர். எங்கிருந்து வந்தது என்று தெரியாத பொருளைப் பிரிப்பதில் உள்ள ஆபத்தைத் தலைநகர் மறந்துவிடலாகாது.

250 வாட் எல்லை

இனி, சட்டத்துக்கு வருவோம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார் திறனும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் கொண்ட பேட்டரி வாகனங்கள் மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. அவற்றுக்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. ஆனால், இச்சலுகை தானாகக் கிட்டுவதன்று. அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் ஒன்று வாகனத்தைச் சரிபார்த்துச் சான்றளிக்க வேண்டும். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் உற்பத்தியாகும் வாகனத்தை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்ட ஏற்பாடு இது. ஒரே ஒரு பலகை செய்த மாணவனுக்கு இதில் வழியில்லை.

அதைவிட முக்கியமானது, 250 வாட் என்னும் எல்லை இவ்வகைப் பலகைக்குப் பொருந்தாது என்பதாகும். ஆளும் பலகையும் சேர்ந்து 100 கிலோ எடை என்போம். ஐந்து டிகிரி மேட்டில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கே சுமார் 240 வாட் தேவை. எல்லை அத்துடன் தீர்ந்துவிடுகிறது. சமநிலை காக்க மிச்சம் ஏதுமில்லை. சாதாரண ஸ்கூட்டரில் திறன் போதாவிட்டால் வண்டி மெதுவாகும். சமநிலைப் பலகையில் திறன் போதாவிட்டால் ஆள் முகங்குப்புற விழுவார். பேட்டரி இறங்கிய நிலையில் ஓட்டுவோர் விழ நேர்ந்ததால்தான், 2003 செப்டம்பரில் செக்வே நிறுவனம் அதுவரை விற்ற ஏறத்தாழ 6 ஆயிரம் வண்டிகளையும் திருத்தத்துக்காகத் திரும்ப அழைத்தது. ஆக, மற்ற வாகனங்களில் ஆபத்தாகக் கருதப்படும் கூடுதல் திறன், இங்கே பாதுகாப்புக்கான இருப்பு.

இந்த வேறுபாட்டை ஜெர்மனி உணர்ந்துள்ளது. 2019 ஜூனில் அங்கு நடைமுறைக்கு வந்த விதிகள், சிறு மின்வாகனங்களுக்கு 500 வாட் என்று வரம்பிட்டன. ஆனால், திறனில் 60 சதவீதமேனும் சமநிலைக்குச் செலவாகும் வாகனங்களுக்கு 1,400 வாட் வரை அனுமதி அளித்தன. வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. கைப்பிடியும் காப்பீடும் கட்டாயம். பிரிட்டனோ நேர்மாறு. அங்கே 2011-இல் நடைபாதையில் செக்வே ஓட்டியவருக்கு, 1835-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் அபராதம் விதிக்கப்பட்டது.

தந்தைக்குச் சிறை?

நமது சட்டத்தில் 'பொது இடம்' என்பது பொதுமக்கள் செல்ல உரிமையுள்ள எந்த இடத்தையும் குறிக்கும். அரசுக் குடியிருப்பின் உட்சாலையும் இதற்குள் அடங்கக்கூடும். சலுகைக்கு உட்படாத மின்பலகை மோட்டார் வாகனம் என்று கொள்ளப்பட்டால் பதிவு, காப்பீடு, உரிமம் ஆகிய மூன்றும் இன்றி அங்கே அதை ஓட்டுவது குற்றம்.

ஓட்டுபவர் 18 வயது நிரம்பாதவரெனில் நிலைமை இன்னும் கடுமை. 2019-இல் சேர்க்கப்பட்ட 199-ஏ பிரிவின்படி, பெற்றோர் அல்லது பாதுகாவலருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் விதிக்கலாம். தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க உரிய முயற்சி எடுத்ததாகவோ நிரூபிக்கும் பொறுப்பு அவர்களுடையது. மாணவனுக்கு 25 வயது வரை உரிமம் பெறும் தகுதியும் இல்லை. மகிழுந்தைத் தாறுமாறாக ஓட்டி உயிர் பறிக்கும் சிறுவர்களைத் தடுக்க வந்த பிரிவு இது. அதன் நோக்கத்தில் குறை காண இயலாது. ஆனால், அதன் வலையில் மின்பலகையும் சிக்கும் என்பதை எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மறுபுறம் மத்திய அரசு 2016-இல் தொடங்கிய அடல் புதுமைத் திட்டத்தின் கீழ், தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளி ஒவ்வொன்றுக்கும் 20 லட்சம் ரூபாய் வரை வழங்கி ஆய்வுக்கூடங்கள் அமைக்கப்பட்டன. மேலும் 50 ஆயிரம் கூடங்கள் ஐந்தாண்டுகளில் அமையும் என்று 2025-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. உணரியும் கட்டுப்பாட்டுப் பலகையும் மாணவனின் கையில் அரசே கொடுக்கிறது. அவற்றால் செய்த வண்டி எங்கே ஓடலாம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

வாக்கு உள்ளவர்க்கு வழி பிறந்தது

சட்டம் வளையாது என்று சொல்வதற்கில்லை. 2010-க்குப் பின் தில்லித் தெருக்களை நிறைத்த மின்ரிக்ஷாக்கள் சிறு பட்டறைகளில் பொருத்தப்பட்டவை. பதிவும் இல்லை, காப்பீடும் இல்லை. திரிலோக்புரியில் மின்ரிக்ஷா மோதியதால் தாயின் கையிலிருந்த குழந்தை கொதிக்கும் சர்க்கரைப் பாகில் விழுந்து இறந்த துயரத்தையடுத்து, 2014 ஜூலை 31 அன்று தில்லி உயர்நீதிமன்றம் அவற்றுக்குத் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபரில் தனி விதிகள் வந்தன. 2015 ஜனவரியில் அவசரச் சட்டம் பிறந்தது. மார்ச்சில் நாடாளுமன்றம் திருத்தத்தை நிறைவேற்றியது. ஆயிரக்கணக்கான ஓட்டுநர்களின் பிழைப்பும் அவர்களது வாக்கும் அதற்குக் காரணம். அது தவறன்று, ஆனால், வாக்கு வயதை எட்டாத மாணவனுக்காகப் பேச எவர் இருக்கிறார்?

எச்சரிக்கையும் தேவை

கட்டுப்பாடே வேண்டாம் என்பது இதன் பொருளன்று. கைப்பிடியில்லா சமநிலைப் பலகைகள் தீப்பற்றியதால், 2016 ஜூலையில் அமெரிக்காவில் சுமார் 5 லட்சம் பலகைகள் திரும்பப் பெறப்பட்டன. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் மின்னேற்றம் செய்யப்பட்ட ஸ்கூட்டர் தீப்பிடித்ததில் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அதன் பிறகே பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. மாணவர்கள் உதிரி லித்தியம் செல்களைத் தாமே இணைப்பது கண்டிப்பாகத் தவிர்க்கத்தக்கது. எடை கூடினும் மூடிய ஈய-அமில பேட்டரியே தொடக்கத்துக்கு ஏற்றது.

விளையாட்டுப் பொருளுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். செக்வேயின் சமநிலை நுட்பம், டீன் கேமன் அதற்குமுன் வடிவமைத்த 'ஐபாட்' என்னும் படியேறும் சக்கர நாற்காலியிலிருந்து பிறந்தது. நம் நாட்டிலும் சென்னை ஐஐடியில் உருவான 'நியோபோல்ட்' இணைப்பு, சக்கர நாற்காலியைச் சாலையில் ஓடும் மின்வாகனமாக மாற்றியிருக்கிறது. இன்று பலகை செய்யும் மாணவனே நாளை இத்தகைய கருவிகளைச் செய்யப் போகிறவன்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்களும் அல்ல. தொழிற்சாலை, சுற்றுச்சுவருக்குட்பட்ட வளாகம் ஆகியவற்றுக்குள் மட்டுமே ஓடும் சிறப்பு வாகனங்களுக்குச் சட்டம் ஏற்கெனவே விலக்கு அளிக்கிறது. பள்ளி மைதானங்களும் இவ்விலக்கில் அடங்கும் என்று ஒரு சுற்றறிக்கை தெளிவுபடுத்தலாம். மாணவர் செய்த மெதுவேக வண்டிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் பொறுப்பை அருகிலுள்ள அரசுப் பொறியியல் கல்லூரிகளிடம் ஒப்படைக்கலாம். சமநிலை வாகனங்களுக்கு ஜெர்மனியைப் போலத் தனி வரம்பு வகுக்கலாம்.

லக்ஷ்மிபாய் நகரின் குடியிருப்புகளில் வாழ்வோர் மத்திய அரசின் கோப்புகளைக் கையாளும் ஊழியர்கள். மேற்சொன்ன சுற்றறிக்கைக்கு வரைவு எழுதக் கூடியவர் அவர்களுள் ஒருவராகவே இருக்கக் கூடும். வீட்டில் பிள்ளை நிரல் எழுதும் வேளையில், அலுவலகத்தில் தந்தை அந்த வரைவை எழுதட்டும்.