எரிந்த ஏடுகள் புகட்டும் பாடம்

போர் மனிதர்களை மட்டும் கொல்வதில்லை; அவர்தம் வரலாற்றையும் கொல்ல முனைகிறது.

1992 மே 17 அன்று, போஸ்னியத் தலைநகர் சரயேவோவை முற்றுகையிட்டிருந்த செர்பியப் படையினர் அங்கிருந்த கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தின் மீது தீக்குண்டுகளைப் பொழிந்தனர். அரபி, பார்ஸி, துருக்கி மொழிகளிலும், அரபு எழுத்தில் வரைந்த போஸ்னிய மொழியிலும் இருந்த 5,000க்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் சாம்பலாயின. அம்மண்ணில் முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்ததற்கான சான்றுகளை அழிப்பதே அந்த அரசியலின் நோக்கம்.

ஆயினும், முன்னர் அங்கு ஆராய வந்த அறிஞர்கள் சிலர் நகல்கள் எடுத்துச் சென்றிருந்தனர். ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகர் ஆந்திராஷ் ரீட்ல்மேயரும் தோழர்களும் அந்த ஒளிநகல்களையும் நுண்படச் சுருள்களையும் தேடித் திரட்டினர். 2003இல் ஹேக் நகரில் நடந்த மிலோசெவிச் வழக்கில், பண்பாட்டுச் சின்னங்களின் அழிவு குறித்து அவர் சாட்சியமும் அளித்தார். ஆராய்ச்சி நீதிக்குத் துணைநின்றது.

போஸ்னியரைப் போன்றே நம் முன்னோரும் தாய்மொழியை அரபு எழுத்தில் எழுதினர். அந்த அரபுத் தமிழ்க் கிதாபுகள் எத்தனை வீட்டுப் பரண்களில் கறையானுக்கு இரையாகின்றனவோ! அவற்றை அழிக்கப் பீரங்கி வேண்டியதில்லை. நம் அலட்சியமே போதும். கையிலுள்ள கைப்பேசியால் இன்றே பக்கம் பக்கமாகப் படமெடுத்து வையுங்கள்.